சரியாத சரிவு

(குளிர்கால மலையேற்றத்துக்குச் செல்லவிருக்கும் கல்லூரி மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கத்துக்கு மாடிப்படி ஏறி வந்திருக்கிறீர்கள். நம் ஊரில் மாடிப்படி கட்டும்போது படியின் உயரம் 7 அங்குலம், கால் வைக்கும் அகலம் 10 அங்குலம் என்று ஏறத்தாழ ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் சாய்வு 35 டிகிரி வரும். பாட்டிமார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறும் சாய்வு, பிள்ளைகள் தடதடவென்று ஓடி இறங்கும் சாய்வு. ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் புறப்படுகின்றன. உங்கள் வீட்டு மாடிப்படி அந்த எல்லைக்குள் இருக்கிறது.

மலையில் நாம் அண்ணாந்து பார்த்துப் பயப்படுவது செங்குத்தான பாறை முகங்களை. அங்கே பனி அதிகம் தங்குவதில்லை. விழ விழ உதிர்ந்துவிடும். நிறையச் சேரும் அளவுக்குச் சாய்வு குறைவாகவும், சேர்ந்தது இறங்கிவரும் அளவுக்குச் சாய்வு கூடுதலாகவும் இருக்கிற இடத்தில்தான் கவனம் வேண்டும். ஏறவும் சறுக்கி விளையாடவும் நமக்குப் பிடித்த சாய்வும் அதுவே.

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி விடியலில் இலை நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து பஞ்சு போல இறங்குவதும் பனி, கல்லாக இறுகிக் கிடப்பதும் பனி. பனி பொழியாத ஊர்க்காரர்களுக்கு ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. இன்று நான் பேசப்போவது பொழியும் வெண்பனியைப் பற்றி. அது மலைமேல் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடப்பதைப் பனிப்படிவு என்று சொல்கிறேன்.

இமயத்துப் பனி நமக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்சாவடி புதைந்தது. உள்ளே இருந்த 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனில் பணியில் இருந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து போனவர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த வாரம் செய்தித்தாளைக் கையில் எடுக்கவே மனம் வராமல் இருந்தேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அன்று அங்கே இடிந்து விழுந்தது மேலேயிருந்த பெரும் பனிக்கட்டிச் சுவர். குழி தோண்டிப் படித்து அறியக்கூடிய ஆபத்து அல்ல அது. படித்து அறியக்கூடிய ஆபத்து வேறொன்று இருக்கிறது. நீங்கள் போகவிருக்கும் மலைகளில் அதுதான் இருக்கிறது.

பனிச்சரிவில் இரண்டு வகை. ஒன்று உதிரிச் சரிவு. ஒரு புள்ளியில் தொடங்கி, மணல் மேட்டில் கை வைத்தாற்போலக் கீழே போகப் போக விரியும். பெரும்பாலும் நமக்குக் கீழே புறப்பட்டுப் போய்விடும். மற்றது பலகைச் சரிவு. பனிப்படிவின் மேல்பகுதி இறுகி, ஒட்டி, ஒரே பலகையாக இருக்கும்போது, அதன் அடியில் உள்ள மெல்லிய அடுக்கு ஒன்று உடைகிறது. உடைப்பு அந்த அடுக்கு வழியே சரிவு முழுவதும் பரவுகிறது. மேலே, நாம் நிற்கும் இடத்துக்கும் மேலே, கத்தியால் கீறியது போல நேர்க்கோட்டில் வெடிப்பு விழும். அதற்குள் நம் காலடித் தரை மொத்தமும் நகரத் தொடங்கியிருக்கும். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் உள்ள சாதாரணப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கனமீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தால் 250 டன். பத்து டன் ஏற்றிய லாரிகள் 25.

சுற்றுலாப் பயணிகளும் மலையேறுபவர்களும் சிக்கும் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பலகை வகை. அவற்றைக் கிளப்பிவிடுவதும் பெரும்பாலும் சிக்கியவரோ, கூட வந்தவரோதான். இதைக் கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு நம்பிக்கை தருவதும் இதுதான். நம் காலடிதான் காரணம் என்றால், காலை வைக்காமல் இருக்கவும் நம்மால் முடியும்.

அந்த மெல்லிய அடுக்கு எப்படி உருவாகிறது? இந்த உரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 29 வரையான 40 நாட்களைச் சில்லாய் கலான் என்பார்கள். பெருங்குளிர்க் காலம். அதற்குப் பின் 20 நாள் சிறு குளிர், பிறகு 10 நாள் குட்டிக் குளிர். நாம் கத்திரி வெயிலுக்கு நாள் குறித்து வைத்திருப்பதைப் போல அவர்கள் குளிருக்குக் குறித்திருக்கிறார்கள். டிசம்பரில் முதல் பனி விழுந்து, அரை மீட்டர் உயரம் கிடக்கிறது என்று வையுங்கள். பனிக்கு அடியில் இருக்கும் மண் அவ்வளவாகக் குளிர்வதில்லை. கோடையில் வாங்கிய சூடு உள்ளே இருக்கிறது, பனியே போர்வையாகிவிடுகிறது. ஆகவே அடிப்பகுதியின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் மைனஸ் 15க்குப் போகும். அரை மீட்டருக்குள் 15 டிகிரி வேறுபாடு; அதாவது மீட்டருக்கு 30 டிகிரி.

அடியிலிருந்து மேலே நீராவி ஏறும். அது போகிற வழியில் பனித்துகள்களின் வடிவத்தையே மாற்றிவிடும். மீட்டருக்கு 10 டிகிரி என்பதுதான் கள ஆய்வாளர்கள் வைத்திருக்கும் தோராயமான எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை விட்டுவிட்டுப் பட்டை தீட்டிய படிகங்களாக வளரும். சர்க்கரைப் பனி என்று இதைச் சொல்வார்கள். கையில் அள்ளினால் கல்லுப்பு போல விரலிடுக்கில் ஒழுகும். அழுத்தி உருண்டை பிடிக்கப் பார்த்தால் பிடிபடாது.

இதே குளிரில், இதே மேற்பரப்பு வெப்பநிலையில், பனி இரண்டு மீட்டர் உயரம் இருந்தால்? 15 டிகிரியை 2 மீட்டரால் வகுங்கள். மீட்டருக்கு ஏழரை டிகிரி. எல்லைக்கோட்டுக்குக் கீழே. அங்கே துகள்கள் மெல்ல உருண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, படிவு உறுதிப்படும். “பனி குறைவாகத்தான் இருக்கிறது, பயமில்லை” என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! குளிர் மிகுந்த மலையில் மெல்லிய பனிதான் அடியில் நலிந்துபோகிறது. பீர்பாஞ்சால் மலையில் பனி நிறைய விழும். லடாக்கிலும் காரகோரத்திலும் குறைவாக விழும், கடுமையாகக் குளிரும். சர்க்கரைப் பனி அங்கே குளிர்காலம் முழுக்க நீடிக்கும். ஒரே மலையிலும் வெயில் படாத வடக்குச் சரிவில் அது அதிக நாள் உயிரோடிருக்கும்.

பிறகு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ மேற்கிலிருந்து வரும் காற்றுச்சுழற்சி இரண்டு நாளில் ஒரு மீட்டர் புதுப்பனியைக் கொட்டும். தரையில் கேழ்வரகு சிந்திக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காமல் மேலே மணைப்பலகையைப் போட்டுவிட்டார்கள். பலகையில் குறையில்லை, தரையிலும் குறையில்லை. உட்காரப் போகிறவருக்குத்தான் இடுப்பு முறியும்.

சர்க்கரைப் பனிக்கு ஒரு தம்பி உண்டு. அதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்குமே, அந்த உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல்லின் சூடு வானத்துக்குப் போய்விட, காற்றின் ஈரம் நேராகப் படிகமாகப் படிவதால் வருவது. இமயத்திலும் ஆல்ப்ஸிலும் அதே உறைபனி, கிடக்கும் பனியின் மேலேயே படிகிறது. காலை வெயிலில் இறகு இறகாக மின்னும். ஊட்டியில் ஒன்பது மணிக்கு உருகிவிடும். அங்கே உருகாமல் நிற்கும். அடுத்த பனி அதை அப்படியே மூடிவிடும். ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இராது. பல வாரம் கழித்து, ஒரு மீட்டர் ஆழத்தில், சீட்டுக்கட்டுக்குள் நிற்கவைத்த தீக்குச்சிகளைப் போலப் பலகையைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்குத் துளியும் தெரியாது.

ஆகவே பனியை மேலிருந்து பார்த்துப் பயனில்லை. தோண்ட வேண்டும்.

முதன்முதலாக நான் குழி தோண்டியது மணாலிக்கு மேலே, ஒரு மலையேற்றப் பயிற்சியின்போது. எங்களுக்குப் பாடம் சொன்னவர் லாஹௌல் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அங்கே பயிற்சியாளரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். ஆபத்தில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, மேலே உள்ள சரிவின் அதே திசையும் உயரமும் உள்ளதாகப் பார்த்து, தரை வரை தோண்டச் சொன்னார். மேல்பக்கச் சுவரைச் சுவரெடுப்பது போல நேராகச் செதுக்கச் சொன்னார். பிறகு கையுறையோடு அந்தச் சுவரைக் குத்திப் பார்க்க வேண்டும். உலகம் முழுதும் இதற்கு ஒரே அளவுகோல்: முட்டி உள்ளே போகிறதா, நான்கு விரல் போகிறதா, ஒரு விரல் மட்டுமா, பென்சில் மட்டுமா, கத்தி மட்டுமா. மேலிருந்து இறங்கி வந்தேன். நான்கு விரல், நான்கு விரல், ஒரு விரல், பென்சில். தரைக்கு ஒரு சாண் மேலே திடீரென்று என் முட்டி முழுதும் உள்ளே போய்விட்டது. கையை எடுத்ததும் கல்லுப்பு போல உதிர்ந்தது. இவ்வளவு கெட்டியான பொருளுக்கு அடியில் ஒன்றுமே இல்லாதது போன்ற அந்த உணர்வு இன்னும் என் கையில் இருக்கிறது.

அடுத்தது தட்டிப் பார்க்கும் சோதனை. 2006இல் சிமன்ஹோயிஸ், பர்க்லேண்ட் என்ற இருவர் முன்வைத்த முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. குறுக்கே 90 சென்டிமீட்டரும் மேல்நோக்கி 30 சென்டிமீட்டரும் உள்ள பனித்தூணைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக்க வேண்டும். அதன் ஒரு முனையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. கவனிக்க வேண்டியது எந்தத் தட்டில் உடைகிறது என்பதைவிட, உடைப்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது. தகட்டுக்கு அடியில் மட்டும் நொறுங்கினால் ஒரு செய்தி. ஒரே தட்டில் உடைப்பு மறுமுனை வரை ஓடி, 90 சென்டிமீட்டர் துண்டும் உங்கள் மடியை நோக்கிச் சறுக்கினால் அது வேறு செய்தி. பலகை இருக்கிறது, கேழ்வரகும் இருக்கிறது, உடைப்பு பரவவும் செய்யும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சோதனையில் உடைப்பு ஓடினால் அந்தச் சரிவுக்குப் போகாதீர்கள். ஓடவில்லை என்றால்? “போகலாம்” என்று சோதனை சொல்லிவிட்டதா? இல்லை. “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை மட்டுமே சோதனைக்கு உண்டு. “போ” என்று சொல்லும் உரிமை அதற்குக் கிடையாது. ஏனென்றால் நீங்கள் தோண்டியது ஒரு குழி. சரிவு இரண்டு கால்பந்து மைதான அகலம். காற்று பனியை ஒரு பக்கத்தில் வாரி மறுபக்கத்தில் கொட்டுகிறது. பாறை முனை வெளியே தெரியும் இடத்தைச் சுற்றிப் பனி மெலிந்திருக்கும், அடியில் சர்க்கரையாகியிருக்கும். குழியில் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்த நலிந்த அடுக்கு இருபது அடி தள்ளி முழங்கால் ஆழத்தில் இருக்கலாம், காலடிக்கு எட்டும் ஆழத்தில். முன்னால் ஐந்து பேர் நடந்துபோன தடத்தில் ஆறாவது ஆள் அந்த இடத்தை மிதிக்கிறார்.

ஆறாவது ஆள் கேட்டிருப்பார்: ஐந்து பேர் போனார்களே?

மலையில் இதுதான் எனக்கு அச்சம் தருவது. சமையலில் உப்பு கூடினால் நாக்கு உடனே சொல்லிவிடும். வண்டி ஓட்டக் கற்கும்போது தவறு செய்தால் எதிரே வருபவர் ஹாரன் அடிப்பார். பனிச்சரிவு அப்படிச் சொல்வதில்லை. பெரும்பாலான நாட்களில் பெரும்பாலான சரிவுகள் உறுதியாகவே இருக்கின்றன. கணக்கே பார்க்காமல் போனவரும் மாலையில் முகாமுக்குத் திரும்பித் தேநீர் குடிக்கிறார். தான் சரியாக முடிவெடுத்ததாகவே அவர் நினைப்பார். பத்து ஆண்டு இப்படிப் போனால் அவருக்கு அனுபவசாலி என்று பெயர். அந்தப் பத்து ஆண்டில் எத்தனை முறை தப்பினார் என்று அவருக்கே தெரியாது. சரியாத சரிவு அதைச் சொல்வதில்லை.

திறமையைக் குறை சொல்லவில்லை; திறமை உள்ளவர்களும் சிக்கியிருக்கிறார்கள். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளியில் பயிற்சியிலிருந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டா சிகரத்தின் உச்சிக்கு அருகே ஒரு பலகைச் சரிவு, மலையேற்றப் பயிற்சிக் குழு ஒன்றை அடித்துச் சென்றது. 27 பேரின் உடல்கள் கிடைத்தன. அவர்களுள் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட், மகாலு இரண்டையும் 16 நாள் இடைவெளிக்குள் ஏறியவர். பனிக்கு யாருடைய சாதனைப் பட்டியலும் தெரியாது. இந்த மரணங்களைப் பற்றிப் பேசும்போது யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. அவர்கள் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அடுத்த அடியை வைத்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

தனி மனிதர் மட்டுமல்ல, ஊர்களே இப்படி ஏமாந்திருக்கின்றன. ஆஸ்திரியாவில் கால்ட்யூர் என்ற சிற்றூர். பழைய சரிவுகளின் பதிவுகளை வைத்து, எந்த வீடு ஆபத்தான பகுதியில், எது பாதுகாப்பான பகுதியில் என்று வரைபடமே போட்டிருந்தார்கள். 1999 பிப்ரவரியில் புயல்மேல் புயல் வந்தது. சாலைகள் மூடப்பட்டதால் சுற்றுலா வந்தவர்கள் ஊருக்குள்ளேயே தங்கினார்கள். 23ஆம் தேதி மாலை சரிந்த பனி, பாதுகாப்பானது என்று குறித்திருந்த பகுதிக்குள் புகுந்து 31 பேரைக் கொன்றது. மறுநாள் பக்கத்து வால்ட்சூரில் 7 பேர். தலைமுறை தலைமுறையாகப் பனிச்சரிவு அவ்வளவு தூரம் வந்ததில்லை என்பதால், வராது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அங்கே தடுப்புச் சுவர் எழுப்பி, அதோடு சேர்த்தே அருங்காட்சியகத்தையும் கட்டியிருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் டாவோஸுக்கு மேலே வைஸ்ஃபுளூயோக் என்ற இடத்தில் 1936 முதல் குளிர்காலம் தவறாமல் பனியை அளந்து வருகிறார்கள். நம் நாட்டில் 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 2020இல் மற்றோர் ஆய்வகத்தோடு இணைந்தபின் அது டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் இயங்குகிறது. இமயமலை மாவட்டங்களுக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. போவதற்கு முன் அதைப் படியுங்கள். 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட 5 நிலை அபாய அளவுகோலைப் புரிந்துகொள்ளுங்கள். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் நேர்கின்றன. நான்கிலும் ஐந்திலும் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் கிளம்புகிறார்கள்.

களத்தில் பனி தானே வாய்திறந்து சொல்லும் சில செய்திகள் உண்டு. அவற்றுக்குக் குழிகூட வேண்டாம். அக்கம்பக்கத்தில் அதே திசைச் சரிவில் புதிதாக இறங்கிய பனிச்சரிவு. ஒரே நாளில் ஓரடிக்கு மேல் புதுப்பனி. உச்சி விளிம்பிலிருந்து புகைபோலப் பனியை அள்ளிப் போகும் காற்று. திடீரென்று ஏறும் வெப்பம். காலடியிலிருந்து ஓடும் விரிசல். கடைசியாக, “வும்ம்” என்று ஒரு சத்தம், கூடவே தரை ஒரு விரற்கடை இறங்கும் உணர்வு. அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

புதைந்தவருக்கு நேரம் எவ்வளவு? முழுதாகப் புதைந்து முதல் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆகும்போது பிழைப்பவர் மூன்றில் ஒருவர்தான். மூச்சுத் திணறல்தான் காரணம். பதினைந்து நிமிடத்தில் எந்த ஹெலிகாப்டரும் வராது. பக்கத்தில் நிற்கும் நண்பர்தான் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று பொருள் வேண்டும்: புதைந்தவரைத் தேட 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் டிரான்ஸீவர், நீளமான துழாவுகழி, உலோக மண்வாரி. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் அநேகமாக வீண். உங்களை அழைத்துச் செல்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இந்த மூன்றும் எல்லோருக்கும் உண்டா? இன்று எந்தத் திசைச் சரிவைத் தவிர்க்கிறீர்கள், ஏன்? முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது அந்தச் சத்தம். பயிற்சியின் கடைசி வாரம். ஒரு கணவாய்க்குப் போவது திட்டம். எங்களில் பலருக்கு விடுமுறை முடிந்துகொண்டிருந்தது. விட்டால் அடுத்த ஆண்டுதான். இரண்டு நாள் பனி பொழிந்து அன்று காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு சமவெளி, அதைத் தாண்டினால் சரிவின் அடிவாரம். சமவெளியின் பாதியில், வரிசையில் நான்காவதாக நான் நடந்துகொண்டிருந்தபோது காலுக்கடியில் “வும்ம்” என்றது. சிமெண்டு மூட்டையை மேல்மாடியில் யாரோ தொப்பென்று போட்டது போல. பலகைக்கு அடியில் இருந்த அடுக்கு எங்கள் எடையில் நொறுங்கிய சத்தம். சமதளம் என்பதால் சறுக்க இடமில்லை. ஆனால் சமதளத்தில் தொடங்கும் உடைப்பு நீண்ட தூரம் ஓடி மேலே உள்ள சரிவையே கிளப்பக்கூடும். உஸ்தாத் கையை உயர்த்தினார். யாரும் பேசவில்லை. வந்த தடத்திலேயே, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, திரும்பி நடக்கச் சொன்னார்.

முகாமில் இரண்டு நாள் காத்திருந்தோம். கூடாரத்து வாசலிலிருந்து அந்தச் சரிவு முழுதாகத் தெரியும். எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் சரியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வெயில் ஏறியபோதும் சரியவில்லை. “போயிருக்கலாம் உஸ்தாத்ஜி” என்று எங்களில் ஒருவன் சொன்னான். அவன் கோபமாகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னான். உஸ்தாத் அவனுக்கு ஒரு குவளை தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு முழங்காலிட்டு, பனியில் குத்தி வைத்திருந்த வெப்பமானியை உருவி எடுத்து, கண்ணருகே பிடித்துப் பார்த்து, நோட்டில் எண்ணை எழுதிக்கொண்டு, மறுபடியும் அதே இடத்தில் செருகிவைத்தார்.